யூனுஸ் பாயின் கையும் என் வயிற்றெரிச்சலும்

யூனுஸ் பாயை எனக்குப் பிடிக்காது. அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை, அதுதான் எரிச்சல். கெடுதல் செய்த ஆளாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருப்பேன்.

உக்கடத்தில் ஒரு தகரக் கொட்டகைதான் அவர் கடை. பெயர்ப் பலகை கிடையாது. பிரேக் வேலை மட்டும்தான் செய்வார். எஞ்சினையும் ஒரு பார்வை பாருங்கள் என்றால், “அது என்ற வேலை இல்லீங்க” என்று கைகூப்பிவிடுவார். ஒல்லியான ஆள், காதோரம் நரை, சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் துண்டு. பெரிய பெரிய மில் முதலாளிகளின் கார்கள் அந்தக் கொட்டகை வாசலில் வரிசையாக நிற்கும். வண்டி வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, ஓட்டுபவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வெறுங்காலைத் தரையில் ஊன்றிக் கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்ச தூரம் போனதும் பிரேக்கை மிதிக்கச் சொல்வார். ஒரே மிதிதான். “பின்னாடி எடது சக்கரமுங்க” என்பார். கழற்றிப் பார்த்தால் கோளாறு அங்கேதான் இருக்கும். வேலை முடிந்த வண்டியில் முதல் ஓட்டம் அவர் மட்டும் தனியாகப் போவார். மூன்று தடவை இழுக்காமல் நேராக நின்றால்தான் சாவியைக் கொடுப்பார்.

என் மைத்துனன் கோவிந்தராஜுலுவின் இரண்டு கார்களும் அங்கேதான் போகும். அவன் சொல்லிச் சொல்லி, அவன் அக்காவும் பாயைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினாள். அவன் அக்கா என்றால் என் மனைவி ராமாமணி.

நான் ரங்கராஜ். கணபதியில் பம்ப்செட் செய்கிறேன். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. கடையில் ஒரு சாமானைப் பார்த்தால் வாங்கத் தோன்றாது, நாமே செய்தால் என்ன என்றுதான் தோன்றும். பட்டறையில் லேத் இருக்கிறது, பம்புக்கு வேண்டிய ரப்பர் வாஷர் வார்க்க மோல்டு இருக்கிறது, அப்புறம் என்ன? குன்னூர் எஸ்டேட் ஒன்றில் துருப்பிடித்துக் கிடந்த பழைய எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் காரைத் தொண்ணூற்று மூன்றில் வாங்கினேன். இரண்டே சீட்டு, சிவப்பு. எஞ்சின், பாடி, சீட்டுத் தையல் எல்லாம் என் கைவேலை. இரண்டு வருஷம் ஆயிற்று. பிரேக் மட்டும் பாக்கி.

கிணத்துக்கடவில் கோவிந்தராஜுலு புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசத்துக்கு நாள் வைத்திருந்தான். அந்தக் காரில் ராமாமணியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அங்கே போய் இறங்கவேண்டும் என்று எனக்கு ஆசை.

“வாரேனுங்க. ஆனா பிரேக்கை மட்டும் யூனுஸ் பாய்கிட்டக் குடுத்துருங்க. அவரு கை பட்டாத்தான் நான் உக்காருவேன்” என்றாள் அவள்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். என் பெண்டாட்டி என் பக்கத்தில் உட்கார இன்னொருத்தர் கை படவேண்டுமாம். எனக்குக் காதில் புகை வந்தது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு, பழைய பிரேக்கோடு வண்டியை மெல்ல உருட்டி உக்கடத்துக்குப் போனேன்.

பாய் காரைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். “அருமையாச் செஞ்சிருக்கீங்க மொதலாளி” என்றார். அவர் பாராட்டினது இன்னும் எரிந்தது. “ஒரு வாரம் குடுங்க. பிரேக் சிலிண்டருக்குள்ள போடற ரப்பர் கப்பு இதுக்குன்னே வரணுமுங்க. வேற எதையும் போட்டுறப்படாது.”

ரப்பரைப் பற்றி எனக்குப் பாடம் நடத்துகிறாரா? ஊர் பூராவும் என் வாஷர் போட்ட பம்பு ஓடுகிறது. யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பி வந்துவிட்டேன். வழியில் யோசித்தது ஒன்றுமில்லை, கணபதி வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் நானே நாலு சக்கரத்தையும் கழற்றினேன். புது லைனிங் வைத்து ரிவெட் அடித்தேன். டீசலிலும் ஆயிலிலும் வருஷக்கணக்கில் கிடந்தாலும் ஊறாத என் ரப்பரில் கப்பு வார்த்துப் போட்டேன். ரெண்டு நாள் கணபதிக்குள்ளேயே ஓட்டினேன். வெண்ணெய் மாதிரி நின்றது. ராமாமணியிடம், “பாய் முடிச்சுட்டாரு” என்றேன். அவள் நிம்மதியாகத் தலையாட்டினாள். அந்த நிம்மதியைப் பார்த்ததும் வந்த ஆத்திரத்தில் உண்மையைச் சொல்லியே இருப்பேன். கிணத்துக்கடவு போய் இறங்கினபிறகு சொல்லி அவள் மூஞ்சியைப் பார்க்கலாம் என்று அடக்கிக்கொண்டேன்.

முகூர்த்தத்தன்று ஈச்சனாரி தாண்டியதும் வண்டி கனத்தது. ஆக்சிலேட்டரை மிதித்தாலும் யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. ஒத்தக்கால்மண்டபத்தில் கருகல் வாடை அடித்தது. நிறுத்தியிருக்கவேண்டும். வீம்பு விடவில்லை. டீசலுக்கு அசையாத என் ரப்பர், பிரேக் திரவத்தில் நாலு நாளாக ஊறிப் பெருத்து, பிரேக்கை விடாமல் கவ்விக்கொண்டிருந்தது என்று அப்போது தெரியாது. கவ்வின சூட்டில் திரவமும் கொதித்துவிட்டதால், வீட்டு வாசலில் பிரேக்கை மிதித்தபோது பெடல் சொத்தென்று தரைக்குப் போயிற்று. கார் பந்தலில் கட்டியிருந்த வாழை மரத்தில் போய் மோதி நின்றது. இரண்டு அடி தள்ளிக் கோலத்துப் பக்கத்தில் நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். ராமாமணியின் கண்ணாடி வளையல்கள் நொறுங்கிக் கையில் ரத்தம் வந்தது.

பந்தியிலிருந்து எழுந்து கை கழுவிக்கொண்டு வந்தவர்களில் யூனுஸ் பாயும் இருந்தார். அவரையும் அழைத்திருக்கிறான் மைத்துனன். வெள்ளைச் சட்டையோடு தரையில் உட்கார்ந்து, சூடு தணிந்ததும் ஒரு சக்கரத்தைக் கழற்றி சிலிண்டரைப் பிரித்தார். உள்ளேயிருந்து வந்த உப்பிய ரப்பரைக் கையில் வைத்துத் திருப்பினார். அதில் என் கம்பெனி முத்திரை இருந்தது. என்னை ஒருமுறை பார்த்தார். ரப்பரை மூடின கையோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ராமாமணி புடவைத் தலைப்பால் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். “ஏனுங்க பாய், நீங்கதான பிரேக்கு மாத்துனீங்க?”

கோவிந்தராஜுலு, உறவுக்காரர்கள், சமையல்காரர்வரைக்கும் எல்லோரும் நின்றார்கள்.

“ஆமாங்க அம்மணி. என்ற கைத் தப்புதானுங்க. மன்னிச்சுப்போடுங்க” என்றார் பாய்.

நான் வாயைத் திறக்கவேண்டிய நேரம் அது. திறக்கவில்லை. ஏனென்றால் ராமாமணி அப்போது என் பக்கம் திரும்பி, “இனிமே யாருகிட்டயும் குடுக்க வேண்டாம். நீங்களே பண்ணுங்க. எனக்கு அது போதுமுங்க” என்றாள். பதினெட்டு வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை அது.

“போச்சாது உடுங்க பாவா, உசுரு தப்புச்சே” என்று கோவிந்தராஜுலு என் தோளைத் தட்டினான். மறுவாரத்திலிருந்து அவன் கார்கள் உக்கடத்துக்குப் போகவில்லை. அவனைப் பார்த்து இன்னும் நாலைந்து பேரும் நிறுத்திக்கொண்டார்கள்.

பத்து நாள் கழித்து நான் காரோடு உக்கடத்துக்குப் போனேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். பாய் பேசவே விடவில்லை. “அம்மணி உக்கார்ற வண்டியில்லீங்களா, உள்ள உடுங்க” என்றார். ஒரு வாரத்தில் சரியான கப்பு வரவழைத்துப் போட்டு, தனியாக ஓட்டிப் பார்த்து, சாவியைக் கொடுத்தார். என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சமாவது ஆறியிருக்கும்.

நாலு வருஷமாக இப்படித்தான் நடக்கிறது. பட்டறைக்கு என்று சொல்லிவிட்டு உக்கடத்துக்குப் போகிறேன். திரும்பும்முன் அவர் கடைக் கிரீஸில் கொஞ்சம் எடுத்து என் கையில் பூசிக்கொள்கிறேன். பாய் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அந்தப் பெருந்தன்மையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன மாசம் வால்பாறையிலிருந்து மலை இறங்கிக்கொண்டிருந்தோம். ஒரு கொண்டை ஊசி வளைவில் பஸ் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு ஏறி வந்தது. மிதித்தேன். கார் ஒரு விரல்கூட இழுக்காமல் நேராக நின்றது. பஸ் உரசினாற்போல் போயிற்று. ராமாமணி மூச்சை விட்டுவிட்டு, கியரின்மேல் இருந்த என் கைமேல் அவள் கையை வைத்தாள்.

“என்ன இருந்தாலும் உங்க கைங்க. அந்த பாய்கிட்டக் குடுத்திருந்தா இன்னிக்கு நாம எங்க கெடந்திருப்பமோ” என்றாள்.

“ஆமா” என்றேன்.