ஏரிக்குப் போகாத பேருந்து

சுற்றுலாப் பேருந்தில் வழிகாட்டியாக இருந்த அவருக்கு 'வானிலை' என்று பட்டப்பெயர். பதினான்கு வருடம் அதே மலைப்பாதை. மழைக்கு ஒரு ஜோக், வெயிலுக்கு ஒரு ஜோக், மூடுபனிக்கென்று தனியாக இரண்டு வைத்திருந்தார். பயணிகள் சிரித்துக்கொண்டே நனைவார்கள். நல்ல மனிதர்தான். அன்று ஒரு நாள் அறிவு புல் மேயப் போய்விட்டது.

காலையிலிருந்தே வானம் ஒரு நிலையில் இல்லை. பழத்தோட்டத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. பழைய பாலத்தில் இறங்கியதும் கொட்டித் தீர்த்தது. காற்றாலை மேட்டில் மறுபடி வெயில். அவருடைய ஷூவுக்குள் தண்ணீர் புகுந்து நடக்கும்போதெல்லாம் சளக் சளக் என்றது. மலை உச்சி ஏரி மட்டும்தான் பாக்கி.

முன் இருக்கையில் ஒரு அம்மா தனியாக வந்திருந்தார். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பது வருடம் படுக்கைவிரிப்பு துவைத்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அதே கேள்விதான்.

“ஏரி எப்ப வரும் தம்பி? பழைய காலண்டர் படத்தைச் சமையல்கட்டுல ஒட்டி வெச்சிருக்கேன். ஒரு தடவை நேர்ல பாத்துடணும்.”

ஏரிக்குப் பிரியும் சாலை வந்தபோது மழை மறுபடி பிடித்துக்கொண்டது. போனால் இந்த ஈரக்காலோடு இன்னும் ஒன்றரை மணி நேரம். வழிகாட்டி மைக்கை எடுத்தார்.

“மன்னிச்சுக்கங்க. மேல மழை ஜாஸ்தியாம், ஏரி கேட்டை மூடிட்டாங்களாம்.”

பச்சைப் பொய். டிரைவர் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார். “மழைக்கு நாம என்ன பண்ண முடியும்” என்று அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாலு வளைவு இறங்குவதற்குள் சுள்ளென்று வெயில். டீக்கடை நிறுத்தத்தில் ஏரிக் காவலாளி கைகாட்டி ஏறினார். வேலை முடிந்ததும் இதே பேருந்தில் வீட்டுக்குப் போகிறவர். பேருந்து திரும்புவதை மேலிருந்து பார்த்துவிட்டுக் குறுக்குப்பாதையில் ஓடி வந்திருந்தார். மூடிவிட்ட கேட்டுக்கு ஒரு காவலாளி உண்டு என்பதை வழிகாட்டி மறந்தே போயிருந்தார்.

“என்னண்ணே, மேல வராமலே திருப்பிட்டீங்க? கேட்டு திறந்துதானே இருக்கு. மழை விட்டு ஏரி கண்ணாடி மாதிரி இருக்கு!”

பின்னாலிருந்து ஒரு குரல் கிளம்பியது. “ஆபீஸ்ல கம்ப்ளெயின்ட் குடுக்கணும். இந்த ஆளை சும்மா விடக்கூடாது.”

அந்த அம்மா எழுந்து நின்றார்.

“அவரைத் திட்டாதீங்க. நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். இதுக்கு மேல ஏறினா எனக்கு வாந்தி வந்துடும். எல்லார் முன்னாடியும் சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

முப்பது பேரின் கோபமும் அந்த அம்மாவின் தலையில் விடிந்தது. “முடியாதவங்க வீட்டுல இருக்க வேண்டியதுதானே” என்று ஒருவர் காதுபடவே சொன்னார். வழிகாட்டியின் கையில்தான் மைக் இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

ஊர் வந்ததும் அந்த அம்மா கடைசியாக இறங்கினார்.

“ஏம்மா அப்படிச் சொன்னீங்க?”

“வேலை போயிடும்ல தம்பி.” பிறகு குனிந்து அவர் காலைப் பார்த்தார். “பாலத்துலேர்ந்து ஈரத்தோடவே நிக்கிற. ஷூக்குள்ள பழைய பேப்பரைச் சுருட்டி வை, காலையில காஞ்சிடும்.”

அந்த அம்மா நாலு வார்த்தை திட்டியிருந்தால் வழிகாட்டி பிழைத்திருப்பார். அதன்பிறகு எந்த மழையிலும் பேருந்து ஏரிக்குப் போகாமல் திரும்பியதில்லை. எல்லோரையும் இறக்கிவிட்டுக் காலியான முன் இருக்கையைப் பார்ப்பார். வெட்கம் நெஞ்சை அரிக்கும். அந்த அம்மா மறுபடி வரவே இல்லை.