தேயிலையில் தோய்த்த கால்மேசு

எனக்குக் கலியாணமாகி முதல் வருடம். என் கணவர் அம்பாறைப் பக்கம் அணைக்கட்டு வேலை நடந்த இடத்தில் ஒரு வெள்ளைக்கார இஞ்சினியருக்கு ஜீப் ஓட்டினார். கிழமைக்கு ஒரு தடவைதான் கல்முனைக்கு, எங்கள் வீட்டுக்கு வருவார். எனக்குக் கம்பளி பின்னத் தெரியும் என்பதில் அவருக்குப் பெரிய பெருமை. அயல்வீட்டில் இருந்த பறங்கிப் பெண்மணியிடம் சிறுவயதில் பழகியது அது. கைக்குழந்தைகளுக்குத் தொப்பியும், காலில் மாட்டும் கால்மேசும் பின்னுவேன், அதற்கு மேல் ஒன்றுமில்லை. அவரோ அந்தத் துரையிடம், என் மனைவி எந்தக் கால்மேசும் பின்னுவாள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதை நம்பித்தான் துரையின் மனைவி, நோனா, ஒரு பகல் என் கணவரின் ஜீப்பில் எங்கள் வீட்டுக்கு வந்தார். பாயில் உட்கார்ந்து, கொண்டுவந்த பொதியை அவிழ்த்தார். உள்ளே பச்சையும் நீலமும் கட்டம் போட்ட, பின்புறம் நெருக்கமாக மடிப்பு வைத்துத் தைத்த கனத்த துணி ஒன்று.

"இது நோனாட பாவாடையா?" என்று உம்மா கேட்டா.

"இல்ல மாமி, தொரட. அவங்கட ஊர்ல ஆம்புளையள் விசேசத்துக்கு உடுக்கிறது. முழங்கால் மட்டும்தான் வரும்" என்றார் என் கணவர்.

உம்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குப் போய்விட்டா. வாப்பாவும் சாரன்தான் உடுப்பார். ஆனால் முழங்கால் தெரிய உடுத்ததை யாரும் கண்டதில்லை.

நோனா மூன்று சோடிக் கால்மேசுகளைப் பாயில் வரிசையாக வைத்தார். முழங்காலுக்குக் கீழ் வரை ஏறி, மேல் விளிம்பு அகலமாக மடிந்து விழும் நீளக் கால்மேசுகள். அவர் சொல்லச் சொல்ல என் கணவர் தனக்குத் தெரிந்த இங்கிலீசில் வாங்கி எனக்குச் சொன்னார். துரையின் பங்களாவில் ஒரு ராவிருந்து வரப்போகிறது. கரும்பச்சை பகலில் உடுப்பதற்கு, ராவிருந்துக்கு அது பொருந்தாது. தூய வெள்ளை, குழல் ஊதும் பாண்டுக்காரர் போடுவது, விருந்தில் போட்டால் சிரிப்பார்கள். சிவப்புக் கட்டம் போட்ட மூன்றாவது சோடிதான் ராவிருந்துக்கு உரியது. அதைப் பெட்டிக்குள் பூச்சி அரித்து, குதிகாலில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. கட்டம் போட்டுப் பின்ன எனக்குத் தெரியாது என்றதும் நோனா கொஞ்சம் யோசித்தார். பிறகு, பாலாடை நிறத்தில் ஒரு சோடி என்றால் போதும் என்றார். துரையின் கெண்டைக்கால் அளவை முடிச்சுப் போட்ட ஒரு நூலில் குறித்துக்கொண்டு வந்திருந்தார். அதை என் கையில் தந்தபோது கூச்சத்தில் நான் கையை உடனே மூடிக்கொண்டேன்.

வாப்பா பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார்மாரில் ஒருவர். அஸர் தொழுகைக்குப் போய் வந்தவர் நேரே என்னிடம் வந்தார். சந்தியிலேயே யாரோ கேட்டிருக்கிறார்கள்.

"அந்நிய ஆம்புளைட காலுக்கு அளவு வெச்சிப் பின்னப்போறியாம்?"

"வேணாமெண்டு சொல்லி அனுப்பட்டா வாப்பா?"

"மருமகன்ட தொழிலெல்லுவா. பின்னு. ஆனா வாசல்ல வெச்சிப் பின்னாத. கண்டவனும் வந்து கதைக்கப்படா" என்றார்.

என்னால் வாப்பா சந்தியில் தலைகுனிய நேர்ந்ததே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்றிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு, குப்பி விளக்கின் வெளிச்சத்தில் உள்ளறையில் பின்னினேன். யாராவது வந்தால் பாயின் கீழே தள்ளிவிடுவேன்.

கடைகளில் பாலாடை நிறக் கம்பளி இல்லை. வெள்ளை நூல் வாங்கி, தேயிலைச் சாயத்தில் தோய்த்துப் பார்த்தேன். அழகாகப் பிடித்தது. ஒரு காலுக்குத்தான் நூல் போதுமாக இருந்தது. மற்றக் காலுக்கு உரிய நூல் மட்டக்களப்பிலிருந்து பிந்தித்தான் வந்தது. அதையும் அப்படியே தோய்த்து, முதல் காலோடு சேர்த்து விளக்கருகில் பிடித்துப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்திருக்கலாம். முற்றத்துக்குக் கொண்டுபோக எனக்குத் துணிவு வரவில்லை.

விருந்தன்று மாலைதான் பின்னி முடித்தேன். அளவு பிசகினால் அங்கேயே திருத்த வேண்டும் என்று நோனா என்னையும் வரச் சொல்லியிருந்ததால், மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஜீப்பில் துரையின் பங்களாவுக்குப் போனோம். நாங்கள் சேரும்போதே விருந்தாளிகள் வந்துகொண்டிருந்தார்கள். என் கணவர் பொட்டலத்தை உள்ளே கொடுத்தார். துரை தன் அறையில் அவசரமாக உடுத்தியிருக்க வேண்டும். அளவு சரி என்று சொல்லி அனுப்பினார். எனக்கு மனம் குளிர்ந்தது. குசினிப் பக்கத்து வாசலில், திரைக்குப் பின்னால் நின்று மண்டபத்தைப் பார்த்தேன். வரிசையாகப் பெரிய மின்சார பல்புகள். அப்படியொரு வெளிச்சத்தை நான் அதுவரை கண்டதில்லை.

துரை வந்தார். கறுப்புக் கோட்டு, கட்டம் போட்ட அந்தத் துணி, அதன் கீழே என் கால்மேசுகள். ஒரு கால் பாலாடை. மற்றக் கால் வைக்கோல்.

முதலில் ஒரு பெண்தான் சிரித்தாள். கையில் கிளாசோடு நின்ற ஒருவர் துரையின் கால்களைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். துரை குனிந்து பார்த்தார், அவரும் சிரித்தார், பதிலுக்கு ஏதோ சொன்னார்.

"என்ன சொல்லுறார்?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்ல" என்றார் என் கணவர். அவர் முகம் அப்படி வாடி நான் கண்டதில்லை.

துரை அறைக்குப் போனார். திரும்பி வந்தபோது காலில் கரும்பச்சை. விருந்துக்குப் பொருந்தாது என்று ஒதுக்கிய அதே பகல் கால்மேசு. சிரித்ததைக்கூட நான் தாங்கியிருப்பேன். அந்தப் பச்சையைக் கண்டதும் முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டு பின்வாசலால் இறங்கி, ஜீப்பில் போய் உட்கார்ந்துவிட்டேன். நோனா என்னைத் தேடி வந்தார். தோளில் கை வைத்து மெதுவாக ஏதோ சொன்னார். ஆறுதல்தான் சொல்லியிருப்பார். நான் நிமிரவேயில்லை.

திரும்பும் வழியில் என் கணவர், "என்ட வாயாலதான் வந்த வினை" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை வாப்பா கேட்டார்: "தொர போட்டாரா?"

"ஓம் வாப்பா."

அது பொய்யில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் வாப்பா அதைக் கொண்டுபோய்ப் பள்ளியிலே சொன்னார். சந்தியில் கேலி செய்தவர்களைத் தேடிப்போய்ச் சொன்னார். "பெரிய பெரிய இஞ்சினியர்மார் கூடின சபையில தொர போட்டது என்ட மகள் பின்னின கால்மேசு." வீட்டுக்கு வருபவர்களிடமும் சொல்வார். ஒவ்வொரு தடவையும் நான் குசினிக்குப் போய்ச் சட்டி பானையை உருட்டிக்கொண்டு நிற்பேன். மண்டபத்தில் கேட்ட அந்தச் சிரிப்பு காதுக்குள் ஓடும்.

என் தங்கைக்கு மாப்பிள்ளை பேச வந்தவர்களிடமும் அவர் அதைச் சொன்ன அன்று எனக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் போனதும் வாப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு கால் வைக்கோல் நிறமாக இருந்ததை, அவர்கள் சிரித்ததை, துரை கழற்றி வைத்ததை, ஒன்றும் விடாமல். சொல்லும்போது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

வாப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"போட்டாருதானே?" என்றார்.

"போட்டார்."

"அது காணும். அதே போதும்."

அதற்குப் பிறகும் அவர் சொல்வதை நிறுத்தவில்லை. நானும் குசினிக்குப் போவதை நிறுத்தவில்லை.