ஆயுத பூஜையன்று அவிழ்த்த நாண்

எங்கள் பள்ளி வில்வித்தைக் குழுவில் இருந்த ஒரே மர வில் என் பொறுப்பில் இருந்தது. மற்ற பிள்ளைகள் ஃபைபர் வில்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, ஏழாம் வகுப்புப் பெண்ணான என்னிடம் மாஸ்டர் அதை நம்பிக் கொடுத்தார் என்றால் சும்மாவா? இன்றைக்கும் இதைச் சொல்லும்போது கொஞ்சம் தலைக்கனம் வந்துவிடுகிறது. வரட்டும், அதற்கென்ன.

இரண்டாயிரத்துப் பதினேழு வாக்கில் இருக்கும். குவைத்தில் மங்காஃபில் குடியிருந்தோம். அப்பா மெயின்டனன்ஸ் இன்ஜினியர். பள்ளியில் முன்பு இரண்டு மர வில்கள் இருந்தன. எனக்கு முன்னால் பொறுப்பில் இருந்த பத்தாம் வகுப்பு அண்ணன், ஒன்றை நாண் ஏற்றியபடியே விடுமுறை முழுக்கச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டான். மரம் அந்த வளைவுக்கே பழகி, விசை செத்துப்போயிற்று. அதில் அம்பு விட்டால் பாதி தூரத்திலேயே மூக்குக் குத்தி விழும். அன்றோடு அண்ணனின் பொறுப்பும் போயிற்று. எய்து முடித்ததும் நாணை அவிழ்த்து வில்லுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது மாஸ்டரின் முதல் சட்டம்.

மற்ற சட்டங்களும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். வில்லைக் காரில் விட்டுவிட்டு வரக் கூடாது. அந்த ஊர் வெயிலில் மரப் பட்டைகளைப் பசை போட்டு ஒட்டிய இடமெல்லாம் விட்டுப்போகும். அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடக் கூடாது. அதிர்ச்சி முழுக்க மரத்துக்குப் போய் விரிசல் விழும். நாணுக்குத் தேன்மெழுகு தவிர வேறு எதுவும் ஆகாது. அம்பின் இறகு நசுங்கினால் ஆவியில் காட்டினால் நிமிர்ந்துகொள்ளும். இந்தக் கடைசிச் சட்டத்தை நான் அம்மாவின் இட்லிப் பானையில் நிறைவேற்றினேன்.

"சாப்பிடுற பாத்திரத்துல காக்கா இறகைக் காட்டுறியேடி, கர்மம்!"

"காக்கா இல்லம்மா, வான்கோழி."

"அது இன்னும் மோசம்!"

அந்த வருடம் ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை, விஜயதசமி சனிக்கிழமை. சனிக்கிழமை காலையில்தான் பள்ளிகளுக்கிடையேயான போட்டி. மர வில் பிரிவில் எங்கள் பள்ளிக்கு நான் ஒருத்திதான். அதற்காக வியாழக்கிழமையே வில்லை வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருந்தார் மாஸ்டர். வில் வந்ததில் அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஊரில் எல்லோரும் ஸ்பேனரையும் சைக்கிளையும்தான் பூஜையில் வைப்பார்கள், நம் வீட்டில் நிஜ ஆயுதமே இருக்கிறது என்று போன் போட்டுப் போட்டுச் சொன்னார்.

ஆனால் நாண் இல்லாத அந்த வில் எதிர்ப்பக்கமாக வளைந்து, மாட்டுக் கொம்பு மாதிரி இருக்கும். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "வில்லு மாதிரியே இல்லையேம்மா. நாணைப் பூட்டி வையேன்" என்றார். கேட்கவா வேண்டும்? காலை உள்ளே விட்டு, தொடையில் கொடுத்து வளைத்து, ஒரே மூச்சில் பூட்டிக் காட்டினேன். கூடத்தில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அப்பாவின் மீட்டர், கார் சாவி, என் பாடப் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் நடுவில் வில் நின்றது. அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்ததும், நாணில் ஈரம் படக் கூடாது என்று கத்தி, பிடியில் மட்டும் ஒரு பொட்டு வைக்க அனுமதித்தேன். அப்பா போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார்.

தீபாராதனை முடிந்து நாணை அவிழ்க்கக் கையை நீட்டினேன். அப்பா தடுத்துவிட்டார்.

"தொடாதே. பூஜையில வச்சதை நாளைக்குக் காலையில மறுபூஜை பண்ணித்தான் எடுக்கணும்."

"வில்லு கெட்டுடும்ப்பா!"

"சாமி முன்னாடி இருக்கறது எப்படிக் கெடும்? கலாஸ், பேச்சு முடிஞ்சுது."

அப்பா அந்த விஷயத்தில் அசைய மாட்டார். முந்தைய வருடம் அம்மாவுக்குப் பல்வலி வந்தபோதுகூடப் பூஜையில் வைத்த சாவியைத் தொடாமல் டாக்ஸியில் கூட்டிக்கொண்டு போனவர். நான் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு பகலும் ஓர் இரவும் வளைந்தே கிடந்தால் நாளைக்கு அம்பு எங்கே போய் விழும்? மாஸ்டர் என் முகத்தில் விழிப்பாரா? மதியம் அப்பாவும் அம்மாவும் கண்ணயர்ந்ததும் அடிமேல் அடி வைத்துப் போனேன். சரஸ்வதியைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நாணை அவிழ்த்தேன். மாட்டுக் கொம்பை அதே இடத்தில் வைத்துவிட்டு வந்து போர்த்திப் படுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் சுண்டலுக்கு ஆட்கள் வந்தார்கள். கீழ்வீட்டு மாமா உட்காரக்கூட இல்லை.

"என்ன சார், காலையில போட்டோவுல நாண் இருந்துதே? இப்ப வில்லு திரும்பிக்கிட்டு நிக்குது?"

அப்பா வில்லைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"நான்தான் அவிழ்த்தேன்" என்றார்.

"பூஜையில வச்சதையா? நீங்களா!" மாமாவுக்கு அவல் கிடைத்துவிட்டது. "போன வருஷம் என் காரைக்கூட எடுக்கவிடாம அத்தனை உபதேசம் பண்ணீங்களே சார்! ஊருக்குத்தான் சட்டமா?"

கூடமே சிரித்தது. அப்பாவும் சிரித்துவைத்தார். எனக்கோ பயம் போய்ப் பற்றிக்கொண்டு வந்தது. வில்லைக் காப்பாற்றியது நான். பேர் அவருக்கா? அன்று ராத்திரி அப்பாவோடு நான் பேசவில்லை.

மறுநாள் காலை மறுபூஜை முடிந்ததும் அப்பா பிள்ளையார் முன்னால் காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட ஆரம்பித்தார். முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த மனிதர். ஒவ்வொரு முறையும் சுவரில் சாய்ந்துதான் எழுந்தார். போதும் என்று அம்மா சொல்லியும் நிறுத்தவில்லை. நான் வாசலில் அம்புக்கூட்டோடு பொறுமையில்லாமல் நின்றேன்.

போட்டியில் என் வில் பிசகவே இல்லை. பன்னிரண்டு அம்பில் ஒன்றுகூட இலக்குக்கு வெளியே போகவில்லை. எனக்குத்தான் முதலிடம். மாஸ்டர் வில்லின் நுனியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, "ஷாபாஷ்! பெர்ஃபெக்ட்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அந்த மைதானத்தில் அன்று என்னைவிடப் பெரிய ஆள் யாரும் இல்லை.

திரும்பும்போது காரில் கேட்டேவிட்டேன். "அவிழ்த்தது நான்தானே? நீங்கன்னு ஏன் சொன்னீங்க?"

"நீதாம்மா அவிழ்த்தே" என்றார் அப்பா. "வில்லு நல்லா இருந்துதா?"

"சூப்பரா இருந்துது."

"அப்ப சரி."

ஒப்புக்கொண்டாரே என்று எனக்குத் திருப்தியாகிவிட்டது. அவர் ஊர் முன்னால் என் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டதோ, சாமி முன்னால் எனக்காக மன்னிப்புக் கேட்டதோ எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பதக்கத்தைக் காட்டி, நான் ஜெயிக்க வேண்டும் என்று எங்கள் அப்பா எத்தனை தோப்புக்கரணம் போட்டார் தெரியுமா என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.