ராமாமணி நசுக்கிய நூற்றெட்டு முள்

சூலூரில் விசைத்தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவில், சத்தமே இல்லாத கம்பெனி ஒன்று இருக்கிறது. அங்கே முப்பது பெண்கள் உட்கார்ந்து ஈ கட்டுகிறார்கள். உயிருள்ள ஈ இல்லை. தூண்டில் கொக்கியின்மேல் இறகும் நூலும் ஜிகினாவும் சுற்றிப் பூச்சி மாதிரி செய்வது. கனடாப் பக்கத்து ஆறுகளில் சால்மன், ஸ்டீல்ஹெட் என்று இரண்டு பெரிய மீன்களை அதைக் காட்டித்தான் பிடிப்பார்களாம். கட்டுகிறவர்கள் யாரும் அந்த மீன்களைக் கண்ணால் கண்டதில்லை. சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

ராமாமணி அங்கே சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அதற்கு முன்பு பஞ்சாலையில் அறுந்த நூலைப் பிணைத்துக்கொண்டிருந்தவள். அதனால் நூல் அவள் சொன்னபடி கேட்கும். கொக்கியைச் சின்ன வைஸ் இடுக்கியில் இறுக்கி, வெள்ளி ஜிகினாவைச் சாய்வாக ஐந்து சுற்றுச் சுற்றி, ஊதா இறகைக் கட்டி, தலையில் முடிச்சிட்டு ஒரு சொட்டு வார்னிஷ் வைப்பாள். முடிச்சு விழும்போது ‘ரங்கா’ என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வாள். காரமடை அரங்கநாதர்தான் அவளுக்கு எல்லாம்.

பக்கத்து இருக்கைக் குழந்தையம்மாளுக்கு அது காதில் விழுந்துவிடும்.

“உன்ற ஈயை முழுங்கின மீனு அங்க போயி கோவிந்தா போடப் போகுது அம்மணி.”

“போடட்டுமே அக்கா. புண்ணியந்தானே.”

போன ஐப்பசியில் ஒருநாள் டீ நேரத்தில், முதலாளி லட்சுமணசாமி தன் செல்போனில் ஒரு வீடியோ காட்டினார். கொட்டுகிற அருவியில் பெரிய மீன்கள் மேல்நோக்கித் துள்ளிக்கொண்டிருந்தன. ஒன்று பாறையில் மோதி விழுந்தது. மறுபடியும் துள்ளியது.

“நாலஞ்சு வருசம் கடல்ல இருக்குமுங்க. முட்டை வெக்கற காலம் வந்தா, பொறந்த ஆத்துக்கே தேடி வந்துரும். எத்தன நூறு மைல்னாலும் வரும். வர்ற வழியில தீனிகூடச் சரியா எடுக்காதாம். நம்ம ஈயைப் பாத்தா மட்டும் வாயை வெச்சுரும்.”

“பிரசவத்துக்குப் பொறந்த ஊட்டுக்கு வர்ற புள்ளைன்னு சொல்லுங்க சார்” என்றாள் குழந்தையம்மாள். எல்லோரும் சிரித்தார்கள்.

ராமாமணி சிரிக்கவில்லை. “முட்டை வெச்ச பொறகு என்னாகுமுங்க சார்?”

“சால்மன் அங்கயே செத்துப்போயிருங்க. ஸ்டீல்ஹெட்ல சிலது பொழைச்சு மறுபடி கடலுக்குப் போகும்.”

அவள் டீயை அப்படியே வைத்துவிட்டு இருக்கைக்குப் போய்விட்டாள்.

ராமாமணியின் ஒரே மகள் பிரத்யுஷாவுக்கு அப்போது ஏழாம் மாதம். மூன்று வருஷத்துக்கு முன்பு, பொள்ளாச்சியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் கவுண்டர் வீட்டுப் பையன் மதன்குமாரைக் கட்டிக்கொண்டு மாலையோடு வந்து நின்றாள். ராமாமணியின் கணவர் கண்ணையா வாசலை மறித்தார். “நாயுடு ஊட்டுல பொறந்துபோட்டு இப்படிப் பண்ணிட்டயல்ல. இனி இந்தப் படி ஏறாதே” என்றார். பிரத்யுஷா அப்பாவைப் பார்க்கவில்லை. அவர் தோளைத் தாண்டி, சமையல்கட்டு வாசலில் தோசைக் கரண்டியோடு நின்ற அம்மாவைத்தான் பார்த்தாள். ராமாமணி ஒன்றும் சொல்லவில்லை. கல்லில் தோசை கருகியது.

மறு வருஷமே கண்ணையா நெஞ்சுவலியில் போய்விட்டார். அன்றைக்கும் மகள் பந்தலுக்குக் கீழே நின்று அழுதுவிட்டுப் போனாளே தவிர, படியில் கால் வைக்கவில்லை.

வளைகாப்பு பொள்ளாச்சியிலேயே நடந்தது. ராமாமணிக்குப் போனில் ஒரு போட்டோ வந்தது. வீடியோ பார்த்த அன்று சாயங்காலம் மகளைக் கூப்பிட்டாள். அவர்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு. ராமாமணி தெலுங்கில் கேட்டாள். மகள் தமிழில் பதில் சொன்னாள். கொஞ்ச நாளாகவே அப்படித்தான். தெலுங்கில் அம்மாவை ‘நீ’ என்று கூப்பிட்டவள், தமிழில் ‘நீங்க’ என்பாள்.

“முதல் பிரசவம் கண்ணு. இங்க வந்துரு. நான் தனியாத்தானே இருக்கறேன்.”

“அப்பா படி ஏறக்கூடாதுன்னு சொல்லியிருக்காருங்களே.”

“அப்பாதான் போயிட்டாரே.”

“அவரு போயிட்டாருங்க. நீங்க இருந்தீங்களே. அன்னிக்கு ஒரு வார்த்தை சொன்னீங்களா?”

ராமாமணி போனைக் காதில் வைத்தபடியே நின்றாள். அந்தப் பக்கம் மகள் எப்போதோ வைத்துவிட்டிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை விளக்கேற்றி வேண்டிக்கொண்டாள். கொக்கியின் முனைக்குக் கீழே, எதிர்ப்பக்கம் பார்த்து ஒரு குட்டி முள் நிற்கும். வாயில் தைத்தால் கழன்று வராமல் இருக்க அதுதான் காவல். அதைக் குறட்டால் நசுக்கிவிட்டால், மீன் தலையை உதறித் தப்பித்துப் போய்விடலாம். முட்டையிட்டும் பிழைக்கிற ஸ்டீல்ஹெட்டுக்கு நூற்றெட்டு கொக்கியில் அப்படிச் செய்கிறேன், அந்தப் பிள்ளைத்தாய்ச்சிகள் பிறந்த இடம் போய்ச் சேரட்டும், என் பிள்ளையும் வந்து சேரட்டும் என்று சொல்லிக்கொண்டாள்.

மற்றவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில், தான் கட்டிய ஈக்களில் நாளுக்குப் பத்து நசுக்கினாள். நான்காம் நாள் குழந்தையம்மாள் பார்த்துவிட்டாள்.

“என்ன அம்மணி, கொக்கிக்குப் பல்லு புடுங்கறயா?”

ராமாமணி சொன்னாள். குழந்தையம்மாள் தன் சாப்பாட்டு டப்பாவை மூடினாள்.

“நூத்தியெட்டோட நிறுத்திப்போடு. அதுக்கு மேல ஒண்ணு நசுக்குனாலும் நானே போயிச் சொல்லிப்போடுவேன்.”

நூற்றெட்டு முடிந்தது. மகள் வரவில்லை.

மார்கழியில் சரக்கு கிளம்பியது. அனுப்பும் முன் கொக்கியைப் பஞ்சில் இழுத்துப் பார்ப்பார்கள். முள் இருந்தால் பஞ்சு மாட்டிக்கொள்ளும். ஒரு பாக்கெட்டில் மாட்டவே இல்லை. இன்னொன்றிலும் இல்லை. உள்ளே இருந்த சீட்டில் ராமாமணியின் எண் பதினான்கு. லட்சுமணசாமி அவளைக் கூப்பிட்டார். அவள் மறைக்கவில்லை.

“நான்தானுங்க சார் செஞ்சுபோட்டேன். வேண்டுதலுங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “வேண்டுதல்னா உங்க பொருள்ல செய்யோணும்ங்க. இது ஊரான் கொக்கி.” குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. “கட்டுனது உங்க கை. எனக்கு அதைப் பிரிக்க மனசு வரலை. போட்டோ எடுத்து, வாங்கற கனடாக்காரங்களையே கேக்கறேன். அதுவரைக்கும் ஊட்டுல இருங்க.”

மூன்று நாள் வீட்டில் இருந்தாள். சும்மா இருக்க முடியாமல் சுக்கும் கருப்பட்டியும் வாங்கிப் பிரசவ லேகியம் கிளறினாள். மகள் வந்தால் ஆகும் என்றுதான். நான்காம் நாள் காலை லட்சுமணசாமி கூப்பிட்டார்.

“அம்மணி, நாளைக்கு வேலைக்கு வாங்க. அந்த ஆத்துல முள்ளு இருக்கற கொக்கியே போடக்கூடாதாம். சட்டமாம். இத்தன நாளும் வாங்கறவங்களே குறட்டுல நசுக்கிக்குவாங்களாம். இனி இப்படியே வேணும்ங்கறாங்க.”

“முள்ளு இல்லீன்னா மீனு தப்பிச்சிராதுங்களா?”

“சிலது தப்பிக்கும். மாட்டுனதையும் அவங்க திங்கறதில்லீங்க. கையில தூக்கிப் பாத்துட்டுத் தண்ணியிலயே விட்டுருவாங்க.”

“அப்பறம் எதுக்குங்க புடிக்கறாங்க?”

“பாக்கறதுக்குத்தானுங்க.”

வேலை போகவில்லை என்ற சந்தோஷம் அவளுக்கு வரவே இல்லை. அந்த மீன்கள் எப்படியும் தப்பித்திருக்கும். கொக்கியும் தன்னுடையது இல்லை. அப்படியானால் சாமிக்கு என்ன கொடுத்தோம் என்று அரங்கநாதர் படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மகள் வரவேண்டும் என்று இனியும் கேட்கக் கூச்சமாக இருந்தது.

சாயங்காலம் மதன்குமாரின் போன் வந்தது. “அத்தை, பொண்ணு பொறந்திருக்குதுங்க. ரெண்டு பேரும் நல்லா இருக்கறாங்க.”

“எப்பங்க மாப்பிள்ளை?”

“நேத்து மத்தியானம்ங்க. அவதான் இப்பச் சொல்ல வேண்டாம்னா.”

மறுநாள் காலையில் வேலைக்கு வர முடியாததைக் குழந்தையம்மாளிடம் சொல்லிவிட்டு, லேகிய டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் பொள்ளாச்சி போனாள். ஆஸ்பத்திரி அறையில் பிரத்யுஷா சுவர்ப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். “வாங்க” என்றாள். சம்பந்தியம்மாள் டப்பாவை மரியாதையாக வாங்கி வைத்தார். குழந்தையை எடுத்து ராமாமணியின் கையில் கொடுத்து, “பேசிட்டிருங்க, வாரேன்” என்று வெளியே போனார்.

பெரிதாக எடையில்லை. மூடியிருந்த விரல்களை ராமாமணி ஒவ்வொன்றாகத் தொட்டாள். இறகின் நரம்பைப் பிடிக்கிற கைக்கு அதைவிட மெல்லியதாக ஒன்று கிடைத்தது.

“அன்னிக்கு நான் பேசியிருக்கோணும் கண்ணு” என்றாள். அவளை அறியாமல் தமிழில் வந்தது. “கரண்டியக் கீழ வெச்சுட்டு வந்து உன்னை உள்ள கூட்டிட்டுப் போயிருக்கோணும்.”

பிரத்யுஷா திரும்பவில்லை. கண்ணீர் மூக்கைத் தாண்டித் தலையணையில் இறங்கியது. “இப்பச் சொல்றீங்க” என்றாள்.

“மூணு மாசம் நம்ம ஊட்டுல வந்து இரு.”

“வேண்டாங்கம்மா. நான் இங்கயே இருந்துக்கறேன். உங்களுக்குத் தோணறப்ப வந்து பாத்துட்டுப் போங்க.”

குழந்தை சிணுங்கியது. பிரத்யுஷா கையை நீட்டினாள். “பசிக்குது போல. குடுங்க.”

ராமாமணி கொடுத்தாள். விரல் ஒன்று அவள் சேலையைப் பிடித்திருந்தது. அதை வலிக்காமல் விடுவித்துக் கொடுத்தாள்.

வெளியே வந்து ஒரு காலில் செருப்பைப் போட்டபோது உள்ளே குழந்தை வீறிட்டது. அதோடு பிரத்யுஷாவின் குரலும் கேட்டது. “ஏடவொத்து பங்காரு, ஏடவொத்து.” அழாதே தங்கமே என்று, இருபத்தாறு வருஷத்துக்கு முன்பு சூலூர் வீட்டில் ராமாமணி அவளை மடியில் போட்டுச் சொன்ன அதே தெலுங்கு.

கதவைத் தட்ட ராமாமணி கையைத் தூக்கினாள். தட்டவில்லை. அழுகை அடங்கும்வரை ஒற்றைச் செருப்போடு அங்கேயே நின்றாள். பிறகு மற்றதையும் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.