பொருந்தாமல் போனவள்

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதை எங்கள் பக்கம் சேனை வைப்பது என்போம். யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும். அதனால் சாதுவான ஆளாகப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் என் மகளின் இரண்டாவது பிள்ளைக்கு, வாயாடி என்று பேர் வாங்கிய நான் வைத்தேன். தடுக்க ஆளில்லை. மொத்தக் குடும்பமும் பிள்ளையை விட்டுவிட்டு, பரிசோதனைக்குப் போன அதன் ரத்தத்துக்குப் பின்னால் ஓடியிருந்தது.

மூத்த பேரனுக்கு உடம்பில் ரத்தம் ஊறாத நோய். மாதாமாதம் மதுரைக்குப் போய் ஏற்ற வேண்டும். கூடப் பிறந்த பிள்ளையின் எலும்பு மஜ்ஜை பொருந்தினால் குணமாகலாம் என்றார் டாக்டர். அதற்காகவே இரண்டாவதைச் சுமந்த மகள் பயந்தாள்.

“பொருந்தலைன்னா அந்தப் பிள்ளைய என்னம்மா செய்ய?”

“எங்கிட்டக் குடுத்துரு. வெங்காயம் உரிக்க வச்சுக்கிறேன்.”

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

பொருந்தவில்லை. மகன் வைத்தியத்துக்காக அவள் மதுரையிலேயே குடியேறினாள். பால் மறந்ததும் சின்னவள் தாடிக்கொம்பில் என்னிடம் வந்து சேர்ந்தாள். நான் விளையாட்டாகச் சொன்னது அப்படியே நடந்தது. அதற்குப் பிறகு ஊரில் ஒருவரையும் கேலி பேசாமல் விட்டதில்லை, அவளை மட்டும் பேசியதில்லை.

போன வருடம் பன்னிரண்டாவது முடித்தாள். காலேஜில் சேர்த்துத் தன்னோடு வைத்துக்கொள்ள மகள் வந்தாள்.

“எங்கூட வந்துரு தங்கம்.”

சின்னவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. “ஏம்மா, இப்ப யாருக்கு ஒடம்பு சரியில்ல?”

அது என் நாக்கு. மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். இனி இவள் போகமாட்டாள். முழங்கால் மடங்காத எனக்குக் குளிக்கத் தண்ணீர் தூக்கி வைக்கிறவள் அவள்தான். அந்தச் சந்தோஷம் எனக்கே அசிங்கமாக இருந்தது. மகளாவது சாகக் கிடந்த பிள்ளைக்காக இன்னொன்றைப் பெற்றாள். நான் ஒரு குடம் தண்ணீருக்காகச் சின்னவளைப் பிடித்து வைக்கப் பார்த்தேன்.

“கெளம்புடி. நீ ஆக்குற சோத்தத் தின்னு தின்னுதான் எனக்கு இம்புட்டு வாயு. இனிமே ஒங்காத்தா அனுபவிக்கட்டும்.”

மடித்த துணிகளைப் பையில் அடுக்கினாள். அடுத்த வாரம் போய்விட்டாள்.

தினமும் போன் செய்கிறாள்.

“அம்மாச்சி, காலு எப்பிடி இருக்கு? பொய் சொல்லாத.”

“எனக்கென்னடி, இப்பத்தான் பெருமாள் தேர ஒத்தையா இழுத்து நெலையில விட்டுட்டு வந்து உக்காந்தேன்.”

அவள் சிரிப்பாள். நான் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். வலிக்குது என்று ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பாள். அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லாமல் இருக்கிறேன்.