அடுப்பெரியாத வீட்டுக்கு ஓர் அப்பம்

கொச்சியின் மட்டாஞ்சேரியில் பெரிய வியாழனன்று மாலை கிறிஸ்தவ வீடுகளில் பெசகா அப்பம் வேகும். அரிசி மாவு, உளுந்து, தேங்காய் மூன்றையும் அரைத்து, புளிக்க விடாமல், நடுவில் குருத்தோலைச் சிலுவை வைத்து ஆவியில் அவிப்பார்கள். குடும்பத் தலைவர் ஜெபம் சொல்லி வெட்டிப் பங்கிடுவார். அந்த ஆண்டில் சாவு நடந்த வீட்டில் மட்டும் அப்பம் செய்வதில்லை. அக்கம்பக்கத்தார் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.

என் மனைவி மதுரைப் பக்கத்துக்காரி. இந்த வழக்கத்தில் பாதிதான் அவள் காதில் விழுந்திருந்தது. செய்யாத வீட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்பது தெரியும். ஏன் செய்யவில்லை என்பது தெரியாது.

அடுத்த வீட்டுச் சேச்சியின் முன்னோர் மிளகுக் கிடங்கில் சுமை தூக்க வந்த தமிழர்கள். அவளுடைய கணவர் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகில் வேலை செய்தார். குருத்து ஞாயிறுக்குள் வந்திருக்க வேண்டிய படகு வரவில்லை. கடலில் காற்று பலமாக இருந்தது. வயர்லெஸ்ஸில் பதில் இல்லை. சேச்சி காலைப் பூசைக்குப் போனாள், வாசல் பெருக்கினாள், என் மனைவியைக் கிண்டலும் செய்தாள்.

"மதுரைக்காரி அவிச்சா பெசகா அப்பமும் இட்லியாயிட்டுத்தான் வரும், பாத்தோ."

அந்தக் கிண்டலை நான் தைரியம் என்று நினைக்கவில்லை. பேச்சை நிறுத்தினால் அழுகை வந்துவிடும் என்று பயந்துதான் பேசினாள்.

வியாழன் மதியம், நான் வேலை பார்க்கும் நாளிதழின் செய்தி அறைக்கு ஒரு தகவல் வந்தது. கவிழ்ந்து மிதந்த ஒரு படகைச் சரக்குக் கப்பல் ஒன்று பார்த்திருக்கிறது. எந்த ஊர்ப் படகு என்று தெரியவில்லை. காக்கநாட்டு ஆட்சியர் அலுவலகம் உறுதிப்படுத்தாமல் இப்படிப்பட்டதை நாங்கள் அச்சிலேற்றுவதில்லை. நான் வீட்டிலும் சொல்லவில்லை.

மாலையில் சட்டை மாற்றிக்கொண்டு வெளியே வந்தபோது, என் மனைவி வாழையிலை மூடிய தட்டுடன் சேச்சியின் வாசலில் நின்றிருந்தாள். சேச்சி தட்டைத் தொடவில்லை. ஒரு கை கதவு நிலையைப் பிடித்திருந்தது.

"யாரு பறஞ்சது, மோளே?"

"என்னது சேச்சி? உங்க அடுப்பு எரியலையேன்னுதான்..."

"இது மரிச்ச வீட்டுக்குக் கொண்டு போற அப்பம்." அவள் என்னைப் பார்த்தாள். "சேட்டன் பத்திரிகையில ஜோலி பாக்குற ஆளு. எங்களுக்கு முன்னே அங்கதான் அறியும். வாயால சொல்ல வய்யாம அப்பத்தைக் கொடுத்துவிட்டீங்க, இல்லே?"

"இல்ல சேச்சி. இவளுக்கு அது தெரியாது."

"மாதாவைச் சாட்சி வெச்சுச் சொல்லுங்க. ஒண்ணும் வரல்லே?"

ஒன்றும் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். உறுதியாகாத தகவல் செய்தி அல்ல. ஆனால் அவள் செய்தியைக் கேட்கவில்லை. மாதாவின் பெயரில் கேட்டுவிட்டாள்.

"ஒரு படகு கவிழ்ந்து கிடந்ததைப் பாத்திருக்காங்க. எந்தப் படகுன்னு தெரியல," என்றேன்.

சேச்சி உள்ளே போனாள். என்ன செய்துகொள்வாளோ என்று பயந்து நாங்களும் பின்னால் போனோம். சமையலறையில் ஒரு பாத்திரம் நிறைய உளுந்து ஊறிக் கிடந்தது. காலையில் போட்டதாக இருக்க வேண்டும், நன்றாக உப்பியிருந்தது.

"வெட்டித்தர ஆளில்லாத வீட்டுல எதுக்குன்னு விட்டேன்," என்றாள். "இனி விட்டா, நானே அவரைக் கொன்ன மாதிரி."

மிக்ஸி ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தத்தில் அழைப்பு கேட்காமல் போய்விடுமோ என்று கைபேசியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் மாவை ஊற்றி, குருத்து ஞாயிறன்று கணவருக்கென்று கேட்டு வாங்கிவந்த ஓலையைக் கிழித்துச் சிலுவையாக வைத்தாள். குறுக்கு ஓலை இரண்டு முறை சரிந்தது.

அப்பம் வெந்துகொண்டிருந்தபோது கைபேசி அதிர்ந்தது. அலுவலகம்.

"எங்களுக்கும் கேக்குற மாதிரி வைங்க," என்றாள் சேச்சி.

கவிழ்ந்தது வேறு துறைமுகத்துப் படகு. பக்கத்தில் ஆட்கள் யாரும் இல்லை. தோப்பும்படிப் படகைப் பற்றி இதுவரை தகவல் இல்லை. எங்கள் நிருபர் சொன்னது அவ்வளவுதான்.

"கர்த்தாவே, நன்றி," என்ற சேச்சி, சொன்ன வேகத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள். கைக்குள்ளிருந்து குரல் வந்தது. "அந்தப் படகுலயும் ஆளு இருந்திருக்கும், இல்லே?"



அடுப்பை அணைத்தாள். அப்பத்தை இறக்கி, வெட்டாமல், திரு இருதயப் படத்தின் கீழே வைத்தாள். அவர் வந்து வெட்டட்டும் என்றாள். அப்புறம்தான் என் மனைவி இன்னும் ஏந்திக்கொண்டிருந்த தட்டைப் பார்த்தாள்.

"அந்தப் படகுக்காரங்க வீட்டுக்கு இதை யாரு கொண்டு போவாங்க, மோளே?"

மூவரும் முழங்காலிட்டோம். எந்தக் கரையில், எந்த வாசலில் காத்திருக்கிறாள் என்று தெரியாத ஒருத்திக்காகச் சேச்சிதான் முதலில் ஜெபித்தாள். கணவரின் பெயரை அதற்குப் பிறகே சொன்னாள். நான் கண்ணை மூடவில்லை. கைபேசி தரையில், அப்பத்துக்குப் பக்கத்தில் கிடந்தது.