மகளுக்குப் பல்கலைக்கழகம் விசாரிக்கப் போனேன்

கோலாலம்பூரில் வழி கேட்டால் ஆட்காட்டி விரலை நீட்ட மாட்டார்கள். அது மரியாதை இல்லையாம். நான்கு விரலை மடக்கிக் கட்டைவிரலால் காட்டுவார்கள். நம் ஆரணியில் கட்டைவிரலைக் காட்டினால் 'ஒன்றும் கிடையாது, போ' என்று அர்த்தம். ஆறு வருடமாக இங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடுகிறேன்; இன்னும் அந்த விரலைப் பார்த்தால் ஒரு நொடி மனம் சுருங்கும். அன்று பல்கலைக்கழகத்துக்கு வழி கேட்டபோதும் அப்படித்தான்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். என் மகள் பவித்ரா இன்ஜினியரிங் படிக்க இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாள். "வெப்சைட்ல எல்லாமே சூப்பராத்தான் கீதுப்பா. நீ போய்ப் பாத்துட்டு சொல்லு" என்றாள். மனைவி போனைப் பிடுங்கி, "நீங்க அங்க இருக்கீங்கன்னுதான் அனுப்பறேன். இல்லன்னா இங்கயே பக்கத்துல சேத்துடுவேன். ஜல்தி பாத்து சொல்லுங்க" என்றாள். என் வேலை பெர்மிட் இந்த வருடத்தோடு முடிகிறது. புதுப்பிக்காமல் ஊருக்கே வந்துவிடுவதென்று முடிவு செய்திருந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. மகள் இங்கே வந்தால் இன்னும் நான்கு வருடம் நான் நகர முடியாது. 'சரியில்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவளும் அங்கேயே இருப்பாள், நானும் போய்ச் சேர்ந்துவிடுவேன்.

முன்பு தங்கைக்கு தேசூரில் மாப்பிள்ளை பார்த்தபோது, அக்கம்பக்கத்தில் விசாரித்து வர என்னைத்தான் அனுப்பினார்கள். கூச்சத்தில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து, நல்ல இடம் என்றேன். மூன்றே மாதத்தில் தங்கை பையோடு வந்து நின்றாள். இன்றுவரை அவள் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

வாசலில் காவலாளி "கெர்ஜா?" என்றார். வேலைக்கா என்று கேட்கிறார். "அனாக்" என்றேன், பிள்ளை என்று. மகள் உள்ளே படிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார் போல. சிரித்தபடி என்னைக் கூட்டிப்போய்ப் பெண்கள் விடுதிக்கு எதிரே பெஞ்சில் உட்கார வைத்தார். மறுத்துச் சொல்ல எனக்கு மலாய் போதவில்லை. இன்னும் வராத மகளுக்காகக் காத்திருந்தேன்.

பெருக்கிக்கொண்டிருந்த அம்மா தமிழில் கேட்டார். "யாரண்ணே பாக்கணும்?"

பழைய கூச்சத்தோடு எழுந்து நின்றேன். இருந்தாலும் கேட்டேன். "பொண்ண சேக்கணும்மா. இடம் எப்டிங்க?"

"பாத்ரூம் நான்தான் கழுவுறேன், அதுல பயமே வேணாம்" என்று சிரித்தார். பிறகு துடைப்பத்தைச் சாய்த்து வைத்தார். "பத்து வருஷமா பாக்குறேன்ணே. புள்ளைங்கள நல்லா பாத்துக்குவாங்க. வாத்தியாருங்க நின்னு பதில் சொல்லுவாங்க. எம்மவளுக்குத்தான் இங்க எடம் கெடைக்கல. கெடச்சா விடாதீங்க."

அவர் ஒரு குறையாவது சொல்ல மாட்டாரா என்று இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

அறைக்கு வந்து போன் செய்தேன். "எப்டிப்பா கீது?" என்றாள். போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன். "யப்பா, எங்கிட்டயும் கூச்சமா?"

"நல்ல இடம்மா" என்றேன். "கேட்டுட்டுதான் சொல்றேன்."

அவள் கத்திய கத்தலில் போனைக் காதிலிருந்து விலக்கினேன். மறுநாள் முதலாளியிடம் பெர்மிட்டைப் புதுப்பிக்கச் சொன்னேன். "ஊருக்குப் போறேன்னு நீ ஒரு நாள் சொல்லுவேன்னு நெனச்சேனே" என்றார். நான் மாவைப் பிசையத் தொடங்கினேன்.

அவளை அழைக்க விமான நிலையத்துக்குப் போக வேண்டும். வருகிறவர்கள் வெளியேறும் வாசலில் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு, இந்த ஊர்க்காரனைப் போல நிற்பேன். என் முதுகுக்குப் பின்னால், ஊர் திரும்புகிறவர்களை ஏற்றிக்கொண்டு நகரும் படிக்கட்டு மேலே போய்க்கொண்டே இருக்கும். அவள் வரும்போது நான் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.